தேசிங்குக்கு லாடம்

786

செஞ்சி,
27-6-1963

அன்பு மச்சான் சுந்தரமூர்த்திக்கு, கௌஸ் பாஷா சலாம் சொல்லி எழுதுவது. நானும் என் சுத்தியலும் இங்கே சுகம். நீயும் உன் இரும்பு உலையும் பிலாயில் சுகமாக இருக்க ஆண்டவன் காப்பாற்றட்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். வேறு எவன் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. நேற்று மத்தியானம் நம்மூர் மாட்டாஸ்பத்திரியில், தீவனம் போட்டு வைக்கிற அறையில், கதவு இல்லாததால் என் தலைத்துண்டையே படுதாவாகக் கட்டிக்கொண்டு, நான் வித்துச் சோதனைக்குக் கொடுத்தேன். மாட்டு வித்து இல்லை மச்சான். என்னுடையது. ஐந்து பிள்ளை பெற்றவன், முன்பல் இரண்டு இல்லாதவன், அடுத்த வருஷம் மூத்தவளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறவன். என் வீட்டுக்காரி ஹுசைன் பீக்குத் தெரிந்தால் மிச்சமிருக்கிற பல்லும் போய்விடும். ஆகையால் பதில் எழுதும்போது இந்தப் பேச்சை எடுக்காதே. அவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

எதற்காகக் கொடுத்தேன் என்பதுதான் இந்தக் கடிதம். என்ன தெரிந்தது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

தேசிங்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் அம்மா உனக்கு இதை எழுதியிருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை தேசிங்கை என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். லாடம் அடிக்க. பொலிகாளைக்கு யாராவது லாடம் அடிப்பார்களா? அது ரோட்டில் வண்டி இழுக்கிற மாட்டுக்கு அடிப்பது. ஆமாம் மச்சான், போன மாசமே அவனைக் காயடித்துவிட்டார்கள்.

எத்தனையோ மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்தவன் நான். என் முன்பல் இரண்டும் ஒரு சேத்துப்பட்டு எருதின் காலோடு போனது உனக்குத் தெரியும். தேசிங்கும் உதைப்பான், வாங்கிக்கொண்டு நாலு நாள் கஞ்சி குடித்துக் கிடக்கலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவன் உதைக்கவே இல்லை. கயிறு காலில் பட்டதும் தானாகவே சாய்ந்தான். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, ஆணி அடித்து முடிக்கிற வரைக்கும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், இன்னா பாய், ராஜாவுக்குச் செருப்பு தைக்கிறியா என்று கேட்டார்கள். வழக்கம்போல நானும் ஏதோ திருப்பிச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் வரவில்லை.

அந்தப் பெயரை வைத்தவனும் நான்தானே. நீ லீவில் வந்து, சிந்தி இனம் என்று சொல்லி அந்தச் சிவப்புக் கன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனபோது உங்கள் வல்லம் ஊரே உன் வீட்டு வாசலில் நின்றது. இவன் செஞ்சிக்கே ராஜாடா, தேசிங்குன்னு கூப்பிடுங்க என்று நான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். தேசிங்கு ராஜா இளம் வயசிலேயே போய்விட்டார் என்பது அந்த நேரத்தில் இந்த மண்டையில் உறைக்கவில்லை.

அவனை வளர்த்தது உன் பெண்டாட்டி மீனம்பாள்தான். மல்லாட்டைப் பிண்ணாக்கு ஊறவைப்பதிலிருந்து உண்ணி பொறுக்குவது வரைக்கும் எல்லாம் அவள் கை. திமில் ஏறி, அலைதாடி தொங்கி, அவன் தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மாசியில் கோமாரி வந்து வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலில் படுத்தான். அப்போதும் அவள்தான் கஞ்சியைக் கையில் அள்ளி நாக்கில் தடவிக்கொண்டு கிடந்தாள். எழுந்துவிட்டான். எழுந்த சூட்டோடு ஊரில் எந்தப் பசு காளைக்குக் கத்தினாலும் உன் வீட்டுக்கு ஓட்டிவந்தார்கள். ஒருவரையும் வேண்டாமென்று சொல்ல உன் அம்மாவுக்கு மனசில்லை. விருத்தாம்பாள் வீட்டுக் காளை என்று நாலு ஊரில் பேச்சு. அத்தை அந்தப் பேச்சிலேயே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்கள்.

ஆனால் எந்தப் பசுவும் சினை பிடிக்கவில்லை. மூணு வாரம் ஆனால் மறுபடியும் கத்தும், மறுபடியும் ஓட்டிவருவார்கள். குற்றம் யார் மேல் போயிற்று என்று நினைக்கிறாய்? பசுக்கள் மேல். ஒன்றுக்கு வயிற்றில் சூடு என்று சோற்றுக்கற்றாழையை வெட்டி வெட்டித் தின்னக் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு இடுப்பில் சூடு போட்டார்கள். ஒருத்தர் எங்கள் தர்காவுக்கு வந்து தாயத்து வாங்கிப்போய்ப் பசுவின் கழுத்தில் கட்டினார். தேசிங்கைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் திமிலைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வார்கள்? உங்கள் தெருக்கோடியில் லட்சுமியம்மாள் இருக்கிறார்களே, புருஷன் போன பிறகு ஒரே ஒரு பசுவை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், அவர்கள் பசு நாலு தடவை வந்து திரும்பியது. மலடு என்று முத்திரை விழுந்தது. சித்திரையில் அடிமாட்டு வியாபாரி ஓட்டிக்கொண்டு போனான். என் பட்டறை வழியாகத்தான் போயிற்று. நல்ல பசு.

இந்தச் சமயத்தில்தான் மாட்டாஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தார். அரிகிருஷ்ணன் என்று பெயர். மீசை வைப்பதா வேண்டாமா என்று முகம் இன்னும் முடிவு செய்யாத வயசு. ஆள் ஆர்வக்காரர். இப்போதெல்லாம் பசுவுக்குக் காளையே வேண்டாம், ஊசிதான். அதற்கான வித்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் விழுப்புரம் பஸ்ஸில் வருகிறது. ஒருநாள் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் காபி என்று நினைத்து, தொண்டை வறளுது தம்பி, ஒரு வாய் ஊத்து என்று கேட்டாராம். பஸ் வழியில் நின்றுபோனால் வித்து கெட்டுவிடுகிறது. அதனால் உள்ளூரிலேயே நல்ல காளை கிடைத்தால் தேவலாம் என்று டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். புதுசாக ஒரு மைக்ராஸ்கோப்பும் வந்திறங்கியிருந்தது. நான் வல்லத்துப் பசுக்களின் கதையைச் சொன்னேன். முதலில் காளையைக் கொண்டாங்க என்றார்.

அத்தையிடம் சோதனை என்று சொன்னால் விளக்குமாற்றை எடுப்பார்கள். சர்க்கார் தேசிங்கைத் தேர்வு பண்ணப் போகிறது என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பெரியதம்பி என்று ஓர் அட்டெண்டர். நாமெல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அவரைப் பார்க்காத வரைக்கும்தான். மாடு சாணி போட்டால் மனசு உடைந்துபோகிறவர். தரை, சுவர், கயிறு, வாளி எல்லாம் பினாயில் மணக்கும். அங்கே போய்விட்டு வந்தால் ஹுசைன் பீ என்னைக் குளிக்கவே சொல்வதில்லை.

ஒரு பசுவை மரச்சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். தேசிங்கு ஏறின அந்த நொடியில் டாக்டர் பக்கவாட்டில் பாய்ந்து, வெந்நீர் நிரப்பின ரப்பர் குழாய் ஒன்றைக் கொடுத்துப் பிடித்துவிட்டார். அதன் முனையில் ஒரு கண்ணாடிக் குப்பி. லாடம் அடிக்கிற என் தொழில்தான் உலகத்திலேயே ஆபத்தானது என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன், அன்றோடு நிறுத்திவிட்டேன்.

உயிருள்ள வித்து மழைக் குட்டையில் தலைப்பிரட்டை மாதிரி துள்ளி ஓடும் என்று சொல்லி என்னையும் பார்க்கச் சொன்னார். நான் மூட வேண்டிய கண்ணைத் திறந்து, திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு, ஆகா, ஏகப்பட்டது ஓடுது சார் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என் தலையைப் பிடித்துச் சரியாகத் திருப்பினார். தலைப்பிரட்டைகள் இருந்தன மச்சான். ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர் வற்றின குட்டையில் கிடப்பது மாதிரி கிடந்தன.

காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். கோமாரியைச் சொன்னேன். இது இன்னும் இளங்காளை. காய்ச்சல் சூட்டில் உள்ளே ஊறுகிற வித்து செத்துப்போகும். அதற்கு மேல் ஊர்ப் பசு அத்தனைக்கும் விட்டுச் சக்கையாகப் பிழிந்திருக்கிறீர்கள் என்றார். இரண்டு மூணு மாசம் நிழலில் கட்டிப் பச்சைத் தீனி போடுங்க, பசு பக்கமே விடாதீங்க, புதுசு ஊறட்டும், அப்புறம் ரெண்டு மூணு தடவை பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும், ஒரு தடவை பார்த்ததை வெச்சு முடிவு கட்டிடாதீங்க என்றார். அந்தக் கடைசி வார்த்தையை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

நானும் தேசிங்கும் நடந்து வல்லம் போய்ச் சேருவதற்குள் சேதி சைக்கிளில் முன்னால் போய்விட்டது. அத்தை வாசலில் நின்றார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் இரண்டு மாசம் பொறுக்கச் சொன்னார் அத்தை என்றேன். ரெண்டு மாசம் ஊர் வாயை நீ வந்து மூடறியாடா என்றார்கள். அப்புறம் சொன்னதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். வூட்டுக்குள்ள ஒரு மலட்டுக்குத் தீனி போட்டது போதாதா, வாசல்ல வேற ஒண்ணைக் கட்டி வெச்சுப் போடணுமா என்று கேட்டார்கள். அடுத்த நாளே தளவானூரிலிருந்து கிட்டி போட்டுக் காயடிக்கிறவன் வந்துவிட்டான். நான் கேள்விப்பட்டு ஓடினபோது தேசிங்கு கொட்டகையில் நின்று வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

லட்சுமியம்மாள் மறுநாள் என் பட்டறைக்கு வந்தார்கள். வாசல் கல்லில் உட்கார்ந்தார்கள். அப்புறம், அப்ப என் மாட்டு மேல தப்பு இல்லியா பாஷா என்றார்கள். இல்லம்மா என்றேன். எழுந்து போய்விட்டார்கள். ஊரில் வேறு ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை மச்சான். காளை மேல் குற்றம் என்றால் பசு மேல் இல்லை என்பது இத்தனை பேரில் அவர்களுக்கு மட்டும்தான் தோன்றியது.

இந்த இடத்தில்தான் உன் சமாசாரம் வருகிறது. இது வரைக்கும் படித்தவன் இனியும் படி, கிழித்துப் போட்டுவிடாதே.

மீனம்பாள் தாய்வீட்டுக்குப் போய் மூணு மாசம் ஆகப் போகிறது. தேசிங்கு எழுந்து நின்ற கொஞ்ச நாளில் அவளை அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் உனக்கு வேறு பெண் பார்த்து முடிக்க ஏற்பாடு. அதற்கு முன்னால் பஞ்சாயத்தில் வைத்து இவள் உறவைத் தீர்த்துவிட வேண்டுமாம். அவள் போவதற்கு முன்பே, அம்மா இஷ்டப்படி செய்யவும் என்று நீ கார்டு போட்டிருந்தாய். அத்தைக்குக் கண் தெரியவில்லை என்று என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். கொட்டகையில் பிண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தவள் காதில் விழும்படி நான்தான் அதை உரக்கப் படித்தேன். ஒரே ஒரு வரி. அவளுக்கென்று நீ இன்னொரு வரி எழுதியிருக்கலாம்.

போன வாரம் சீயமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவள் என் பட்டறை ஓரமாக நின்றாள். தேசிங்கு எப்படி இருக்குது அண்ணே என்று கேட்டாள். இருக்கான் தங்கச்சி என்றேன். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்புறம் என் ஆணி டப்பாவையே பார்த்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியில மனுசங்களுதும் தெரியுமாண்ணே என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை. எட்டு வருஷம் வேப்பிலையும் விரதமுமாக இருந்தவள், மொட்டைப் பாறை வெயிலில் மலைமேல் ஏறி அம்மனுக்கு விளக்குப் போட்டவள், ஒரு நாளும் உன் பக்கம் விரல் நீட்டாதவள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆணி டப்பாவிடம் கேட்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். தெரியும், பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கிறார்கள் என்றார். யாருக்கு என்று கேட்டார். உன் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வருமா? எனக்குத்தான் சார் என்றேன். ஐந்து பிள்ளை இருக்கே பாய் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, சரி கொடுங்க, உயிரோட ஓடறது எப்படி இருக்கும்னு உங்களுக்குக் காட்டினாப்பல இருக்கும் என்றார். இப்படித்தான் நான் தீவன அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. நான் செய்துகொண்டேன், கை விழவில்லை, கால் விழவில்லை, அரை மணி நேரம் மானம் போயிற்று, சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது என்று உனக்கு எழுத வேண்டும். நான் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டார்கள். தாடை வீக்கம் இறங்கின பிறகு காய்ச்சல் திரும்பி வந்து, விதை வீங்கி, காலை அகட்டிக்கொண்டு நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தாய். உன் நைனா வைத்தியரைக் கூட்டிவர ஓடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு இப்பவே நடை தளர்ந்துபோச்சு என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தருக்கு வந்தது போல அதை டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நாள் அப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

உங்கள் ஆலையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கே உன்னை யாருக்குத் தெரியும்? பாஷை தெரியாத ஊரில் வெட்கம் பாதிதான். போய்க் காட்டு. என்ன சொன்னாலும் எனக்கு மட்டும் எழுது. நான் ஊருக்கெல்லாம் வாய் விடுகிறவன், ஆனால் இந்த ஒன்றை என்னோடு மண்ணுக்குள் கொண்டுபோவேன். அங்கே போகவே பிடிக்கவில்லை என்றால் அதையும் செய்ய வேண்டாம். பஞ்சாயத்தை மட்டும் நிறுத்து. ஒரு தந்தி போதும். தேசிங்குக்கு லாடம் அடித்த கை இது. இன்னொன்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும், நீண்ட ஆயுளும், கொஞ்சம் பொறுமையும் தரட்டும். உன் வீட்டில் தொட்டில் ஆடட்டும் என்று எழுதக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். உன் வீட்டில் அவள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
கௌஸ் பாஷா

கவருக்குப் பசை தடவின பிறகு மறுபடியும் பிரிக்கிறேன். சோதனையில் என்ன தெரிந்தது என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். எழுதினால் நீ எங்கேயும் போகமாட்டாயோ என்று பயம். டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். என்னுடையதிலும் ஒன்றும் ஓடவில்லை. அரை நிமிஷம் என் ஐந்து பிள்ளைகளின் முகமும், எங்கள் தெரு ஆம்பிளைகளின் முகமும் மாறி மாறி என் கண்ணில் வந்து போயின. அப்புறம் டாக்டர் அந்தக் குப்பியை, தேசிங்குடையதைப் பிடித்த அதே குப்பியை, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பெரியதம்பியைக் கூப்பிட்டார். அசிங்கம் படுகிற குப்பியாயிற்றே என்று, அது வந்த நாளிலிருந்தே அவர் அதைப் பினாயில் ஊற்றித்தான் கழுவி வைக்கிறாராம்.